புகையானும் மிரிட் பூச்சியும்: நெல்லில் மருந்தெடுக்கும் முன்

சம்பா தூர்கட்டும் சமயம், புதிதாக நெல் போட்டவர்கள் போட்டோ அனுப்பி “என்ன மருந்து அடிக்கலாம்?” என்று கேட்கத் தொடங்கிவிடுவார்கள். யூரியாவை அள்ளி வீசாதே என்பது போன்ற தெரிந்த புத்திமதிகளை விட்டுவிடுகிறேன். புகையான் விஷயத்தில் அவர்கள் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

பச்சையாக ஓடுவதெல்லாம் எதிரி என்று நினைப்பது

புகையானும் பச்சை மிரிட் நாவாய்ப்பூச்சியும் ஹெமிப்டெரா என்ற ஒரே வரிசையைச் சேர்ந்தவை. இரண்டுக்கும் வாய் என்பது உறிஞ்சும் ஊசிதான். புகையான் அதைப் பயிரில் செருகிச் சாற்றைக் குடிக்கும். மிரிட், இலையுறைக்குள் புகையான் இட்டுவைத்த முட்டையைத் தேடிக் குத்தி உறிஞ்சும், இளங்குஞ்சையும் விடாது.

பக்கத்து வயல் தம்பி ஒருநாள், “அண்ணே, பச்சைத் தத்துப்பூச்சி மொய்க்குது” என்றான். நான் போவதற்குள் கடைக்காரர் கொடுத்த சைபர்மெத்ரினை அடித்து முடித்திருந்தான். செத்துக் கிடந்தவை மிரிட்டும் சிலந்தியும். தண்ணீருக்குச் சற்று மேலே குத்தின் (சேர்த்து நட்ட ஒரு நாற்றுக் கொத்தின்) அடியில் ஒட்டியிருந்த புகையானுக்கு மருந்து சரியாக எட்டவில்லை. இலையுறைக்குள்ளிருந்த முட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவை பொரித்தபோது தின்ன ஆளில்லை. நடுவயலில் வட்டவட்டமாகக் காய ஆரம்பித்து, வட்டங்கள் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டன. காசு கொடுத்துக் காவல்காரனைக் கொன்ற கதை.

சைபர்மெத்ரின் போன்ற பைரித்ராய்டு வகை மருந்தை அடித்தால் புகையான் பெருகும் என்பது இன்று நேற்றுக் கண்டதில்லை. மருந்தே புகையானை வளர்த்துவிட்டதைப் பார்த்துத்தான் இந்தோனேசியா 1986-இல் நெல்லுக்கு 57 மருந்துகளைத் தடை செய்தது. இங்கே இன்னும் முதலில் கைக்கு வருவது அந்த டப்பாதான். எரிச்சலாக வருகிறது.

அடையாளம் கஷ்டமில்லை. மிரிட்டின் உணர்கொம்பு நீளம், இறக்கை முதுகில் தட்டையாகப் படிந்திருக்கும், தலைப்பக்கம் கறுப்பு. பச்சைத் தத்துப்பூச்சி ஆப்பு வடிவம். உணர்கொம்பு மயிரளவுதான், தொடப்போனால் பக்கவாட்டில் நகர்ந்து குதிக்கும். புகையானின் நிறமோ பழுப்பு.

வரப்பில் நின்று பார்ப்பது

குனியுங்கள்.

எண்ணாமல் அடிப்பது

சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு (குத்திலிருந்து கிளைத்த ஒரு தண்டுக்கு) 1 புகையான் தென்பட்டால் மருந்தை யோசிக்கலாம். குத்துக்கு 1 சிலந்தி இருந்தால் தூருக்கு 2 வரை பொறுக்கலாம்.

பட்டம் விடாமல் நடுவது

பட்டம் என்பது நடவில் எட்டடிக்கு ஓரடி விடும் இடைவெளி. இடம் வீணாகிறது என்பவர்கள், தெளிப்பானைத் தூக்கிக்கொண்டு நெருக்கமான பயிருக்குள் ஒருமுறை நுழைந்து பார்க்கட்டும்.

மேலாக அடிப்பது

தண்ணீரை வடித்துவிட்டு, நாஸிலைக் கீழே இறக்கி, குத்தின் அடி நனைய அடியுங்கள். எந்த மருந்து என்பதை வேளாண் அலுவலரிடம் கேளுங்கள். பைரித்ராய்டு கலந்தது மட்டும் வேண்டாம்.