சபெராவி திராட்சையில் தாழி ஒயின் செய்யும் முறை

ஜார்ஜியா நாட்டின் கிழக்கிலுள்ள காகேத்தி பகுதியில், ஒரு குடும்பம் தன் வீட்டுத் தேவைக்கும் சிறிதளவு விற்பனைக்குமாகச் செய்யும் சிவப்பு ஒயின், மண்ணில் கழுத்துவரை புதைக்கப்பட்ட க்வெவ்ரி என்னும் தாழியில் உருவாகிறது. 2013-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்ற இம்முறைக்கு விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. தாழியின் தூய்மையும் தோலைப் பிரித்தெடுக்கும் நேரமும் மட்டும் தவறவே கூடாது.

தாழியின் உட்சுவரில் தேன்மெழுகு பூசப்பட்டிருக்கும். அது மண்ணின் நுண்துளைகளைக் குறைக்குமே தவிர முற்றிலும் அடைத்துவிடாது. ஆகவே சென்ற ஆண்டின் கசடு அத்துளைகளில் தங்கியிருக்கலாம். செர்ரி மரப்பட்டைகளை அடுக்கி நீண்ட கழியில் கட்டிய தேய்ப்பானால் சுவர் முழுவதையும் தேய்த்து, வெந்நீரும் சுண்ணாம்பு நீரும் மாற்றி மாற்றி ஊற்றிக் கழுவ வேண்டும். கடைசியாக அள்ளும் நீரில் நிறமோ வாடையோ சிறிதும் இல்லாதபோதுதான் கழுவுவதை நிறுத்தலாம்.

சபெராவியின் தோல் மட்டுமன்றிச் சதையும் சிவப்பு; நன்கு இனித்த பிறகும் அதில் புளிப்பு மிகுதியாகவே இருக்கும். செப்டம்பர் இறுதியிலோ அக்டோபரிலோ, சாற்றில் லிட்டருக்கு ஏறத்தாழ 230 கிராம் சர்க்கரை சேர்ந்ததும் அறுவடை செய்தால், ஒயினில் 13 விழுக்காட்டையொட்டி ஆல்கஹால் கிடைக்கும். பழங்களைக் காம்பு நீக்கி மிதித்து, 300 லிட்டர் தாழியில் ஐந்தில் நான்கு பங்கு மட்டும் நிரப்புங்கள். பழத்தோடு வந்த ஈஸ்ட்டே ஓரிரு நாளில் நொதிப்பைத் தொடங்கிவிடும்.

பொங்கியெழும் வாயு தோல்களை மேலே தள்ளி, தடித்த ஆடைபோல மிதக்கச் செய்யும். அந்த ஆடை உலர்ந்தால் காற்றுப்பட்டுக் காடியாகத் திரியும். ஆதலால் பகலில் நான்கைந்து முறையும் இரவில் ஒரு முறையும் அதைக் கழியால் அழுத்தி நனைக்க வேண்டும். அழுத்தும்போது தாழியின் வாய்க்குள் தலையை நீட்டாதீர்கள். அங்கே தேங்கும் கரியமில வாயு உயிருக்கே ஆபத்தானது. அறையின் கதவும் சன்னலும் திறந்தே இருக்கட்டும்.

சபெராவியின் சாறு சில நாட்களிலேயே கருஞ்சிவப்பாகிவிடும்; ஆகவே தோலைப் பிரிக்கும் நேரத்தை நிறத்தைப் பார்த்து முடிவு செய்ய இயலாது, நாக்கைத்தான் நம்ப வேண்டும். தினமும் ஒரு கரண்டி அள்ளிச் சுவைத்துவாருங்கள். இனிப்பு மறைந்து, ஈறுகளில் துவர்ப்பு படிந்தும் கொட்டையின் கசப்பு இன்னும் தலைகாட்டாத கட்டமே சரியானது. மிதந்த தோல்கள் அடியிறங்கத் தொடங்குவதும் ஏறத்தாழ அப்போதுதான். காத்திருந்தால் ஒயின் இன்னும் செறிவாகும் என்ற எண்ணம் இந்தத் திராட்சைக்குப் பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து.

தோலிலிருந்து ஒயினைப் பிரித்தெடுத்தால் சுமார் 160 லிட்டர் தேறும். அதைப் பாதி காலியான பெரிய தாழியில் விடாமல், 150 லிட்டர் தாழியொன்றை முன்கூட்டியே கழுவி வைத்து, விளிம்புவரை நிரப்புங்கள்; மிகுந்ததைக் கண்ணாடிக் குடுவையில் மூடிவைத்து, மட்டம் இறங்கும்போதெல்லாம் ஊற்றி நிறைக்கலாம். ஒயினிலுள்ள மாலிக் அமிலம் மென்மையான லாக்டிக் அமிலமாக மாறும்வரை குமிழிகள் மெல்ல எழுந்துகொண்டிருக்கும். அவை அடங்கியபின் கல் மூடியிட்டு, ஈரக் களிமண்ணால் விளிம்பைப் பூசி அடைத்துவிடலாம்.

வசந்தத்தில் திறக்கும்போது கசடு முழுவதும் தாழியின் குறுகிய அடிப்பகுதியில் படிந்திருக்கும். அதைக் கலக்காமல் மேலிருந்து ஒயினை எடுத்துப் புட்டியில் அடைத்து, துவர்ப்பு தணியக் குறைந்தது ஓராண்டு வைத்திருங்கள்.