மெசேஜ் எடுக்கும் டூலுக்கு டாக்குமெண்டேஷன் எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டியவை

வண்ணார்பேட்டை, பாளையங்கோட்டைப் பக்கத்துச் சின்ன சாஃப்ட்வேர் கம்பெனிகளில் புதிதாகச் சேரும் பிள்ளைகளின் தலையில் முதலில் விழுவது டாக்குமெண்டேஷன் வேலைதான். கோடு எழுதப் பழகும் வரைக்கும் இதையாவது எழுதட்டும் என்று ஒரு கணக்கு. நானும் அந்த வழியாக வந்தவன்தான். அவர்கள் எழுதியதைத் திருத்த உட்காரும்போதெல்லாம், அன்றைக்கு நாங்கள் விட்ட அதே ஓட்டைகள் அதே இடத்தில் இருக்கின்றன.

எழுத்துப் பிழை, பழைய ஸ்கிரீன்ஷாட் எல்லாம் அவர்களுக்கே தெரியும். வாட்ஸ்அப், டெலிகிராம் என்று வந்து விழும் மெசேஜ்களை எடுத்துக் கடைக்காரர் திரையில் காட்டும் டூல்களுக்கென்றே சில தவறுகள் உண்டு. அவற்றை மட்டும் சொல்கிறேன்.

எடுத்த மெசேஜ் என்ன ஆகும் என்று எழுதாமல் விடுவது

எனக்கு இன்னும் எரிச்சல் தீராத தவறு இது.

டெலிகிராம் 'பாட்' (ஆளுக்குப் பதில் புரோகிராம் ஓட்டும் கணக்கு) ஒன்றுக்கு வரும் மெசேஜ்களை 'கெட்அப்டேட்ஸ்' என்ற அழைப்பில் எடுக்கலாம். ஒரு தடவைக்கு 100 வரைக்கும் வரும். ஒவ்வொன்றுக்கும் ஓர் அப்டேட் எண் இருக்கும். கடைசியாக வந்த எண்ணோடு ஒன்றைக் கூட்டி, அதை 'ஆஃப்செட்' என்று கொடுத்து மறுபடி அழைத்தால், முந்தையவை உங்கள் கைக்கு வந்துவிட்டதாக டெலிகிராம் எடுத்துக்கொள்ளும். அதற்கப்புறம் அவற்றைத் திரும்பத் தராது. எடுக்காமல் விட்டாலும் 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்காது.

புதிதாக எழுதுகிறவர் ஆஃப்செட் இல்லாமலே அழைத்துப் பார்க்கிறார். அதே மெசேஜ்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஆகா, எத்தனை தடவை ஓட்டினாலும் ஒன்றும் ஆகாது என்று நம்பிவிடுகிறார். அந்தத் தைரியத்தில் அவர் எழுதும் வரி இப்படி இருக்கும்: "டூல் வேலை செய்கிறதா என்று பார்க்க, ஆஃப்செட்டில் மைனஸ் 1 போட்டு ஓட்டிப் பாருங்கள். கடைசி மெசேஜ் மட்டும் வரும்."

வரும்தான். ஆனால் மைனஸ் எண் கொடுத்தால், வரிசையில் அதற்கு முன்னால் நின்ற அத்தனையையும் டெலிகிராம் மறந்துவிடும்.

பத்தமடைப் பாய் விற்கும் ஒரு கடைக்கு இப்படி ஒரு டூல் ஓடிக்கொண்டிருந்தது. கல்யாணப் பாயில் மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், கல்யாணத் தேதி எல்லாம் சேர்த்து நெய்வார்கள் இல்லையா, அந்த விவரம் முழுக்க மெசேஜில்தான் வரும். ஒருநாள் ராத்திரி சர்வர் நின்றுவிட்டது. காலையில் வந்த புதுப் பையன் டாக்குமெண்டைத் திறந்து, அதில் சொன்னபடியே மைனஸ் 1 போட்டு ஓட்டினான், அதுவும் கடையின் நிஜ டோக்கனை (பாட்டைத் திறக்கும் ரகசியச் சாவி) வைத்து. திரையில் ஒரே ஒரு வரி வந்தது: "சரி அண்ணாச்சி, நன்றி". டூல் நன்றாக ஓடுகிறது என்று குறித்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான்.

அந்த நன்றிக்கு முன்னால் ராத்திரி வந்திருந்த ஆர்டர்கள் அதோடு போயின. மத்தியானம் கடைக்காரர் போன் போட்டார். "தம்பி, பார்ட்டி பேரு, தேதியெல்லாம் அனுப்பிட்டோம்னு சொல்லுதாங்க. இங்க ஒண்ணையும் காணோமே?" வாடிக்கையாளர் போனில் மெசேஜ் அப்படியே இருக்கிறது, நம் பக்கம் இல்லை. பழைய உரையாடலைத் தோண்டி எடுக்கும் வசதி பாட்டுக்குக் கிடையாது. கோரைப்பாய் நெய்ய நாள் பிடிக்கும், கல்யாணத் தேதியோ யாருக்காகவும் தள்ளிப் போகாது. யார் யார் அனுப்பினார்கள் என்று கடைக்காரர் ஆளாளுக்குப் போன் போட்டுக் கேட்க வேண்டியதாயிற்று.

பையனை எல்லோரும் திட்டினார்கள். அவன் டாக்குமெண்டில் இருந்ததைத்தானே செய்தான்?

இந்த வகை டூலுக்கு எழுதும்போது முதல் பக்கத்திலேயே இது இருக்கட்டும்: "ஆஃப்செட்டைக் கூட்டினால் முந்தைய மெசேஜ்கள் திரும்ப வராது. முதலில் டேட்டாபேஸில் சேமித்து, அப்புறம் ஆஃப்செட்டைக் கூட்டவும். நடுவில் டூல் நின்றுபோனால் ஒரே மெசேஜ் இரண்டு தடவை வரலாம். அப்டேட் எண்ணை வைத்து இரட்டையை நீக்கவும். சோதனைக்குத் தனி பாட் மட்டுமே." இதைக் கடைசிப் பக்கக் குறிப்பில் போட்டால் யாரும் படிக்க மாட்டார்கள்.

வெப்ஹூக்கைச் சொல்லாமல் விடுவது

வெப்ஹூக் (மெசேஜ் வந்ததும் டெலிகிராமே நம் சர்வருக்கு அனுப்பிவைக்கும் ஏற்பாடு) போட்டிருந்தால் கெட்அப்டேட்ஸ் வேலை செய்யாது, 409 என்று பிழை வரும். ஒரு வரி போதும்.

சாம்பிளில் 'ஹலோ' மட்டும் காட்டுவது

நிஜ வாடிக்கையாளர் டிசைன் படத்தை அனுப்பி, அதன் அடியில் பெயரையும் தேதியையும் எழுதுவார். டெலிகிராமில் அந்த எழுத்து 'டெக்ஸ்ட்' என்ற இடத்தில் இருக்காது, 'கேப்ஷன்' என்ற இடத்தில் வரும். உங்கள் சாம்பிளைப் பார்த்து எழுதியவர் டெக்ஸ்டை மட்டும் தேடி, வெற்று மெசேஜ் என்று தூக்கிப் போட்டுவிடுவார். அனுப்பியதை அப்புறம் திருத்துகிறவர்களும் உண்டு. திருத்தம் தனி வகை அப்டேட்டாக வரும். படம், குரல் பதிவு, திருத்தம் மூன்றுக்கும் சாம்பிள் காட்டாத டாக்குமெண்டை நான் அப்படியே திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

எந்த ஊர் மணி என்று சொல்லாதது

டெலிகிராம் தருவது யூனிக்ஸ் நேரம், அதாவது வெறும் விநாடி எண்ணிக்கை. அதை யூடிசி (உலகப் பொது நேரம்) கணக்கில் தேதியாக மாற்றினால், நம் ஊரில் விடிகாலை 5.30-க்கு முன்னால் வந்த மெசேஜ் எல்லாம் முந்தின நாள் கணக்கில் போய் உட்காரும். காலை 4.30-க்கு வந்த ஆர்டர் முந்தின நாள் ராத்திரி 11 என்று காட்டும். தென்காசிப் பக்கத்துப் பூ வியாபாரிக்கு இந்த டூலைக் கொடுத்தால் அவருடைய பாதி நாள் ஆர்டர் நேற்றைக்கு என்று நிற்கும்.

மீடியா லிங்கைச் சேமிக்கச் சொல்வது

வாட்ஸ்அப் கிளவுட் ஏபிஐ (டூல்கள் வாட்ஸ்அப்போடு பேசும் வழி) தரும் படத்தின் லிங்க் 5 நிமிடத்தில் காலாவதி. டெலிகிராமின் லிங்க் குறைந்தது ஒரு மணி நேரம் இருக்கும், ஆனால் 20 எம்பிக்கு மேற்பட்ட ஃபைலைப் பாட் இறக்க முடியாது. லிங்கை வைத்துக்கொள்ளச் சொல்லாமல், ஃபைலை உடனே இறக்கச் சொல்லி எழுதுங்கள்.

நிஜ டோக்கனை உதாரணத்தில் ஒட்டுவது

ஒட்டிவிட்டீர்களா? படிப்பதை நிறுத்திவிட்டு, பாட்ஃபாதரில் (பாட்களை நிர்வகிக்க டெலிகிராமே வைத்திருக்கும் பாட்) போய் முதலில் அதை மாற்றுங்கள்.