லேசருக்குப் போகுமுன் உங்கள் கிறீம்களைப் பாருங்கள்

லேசரில் முடி அகற்ற நாள் குறித்ததும், முகத்துக்கும் கைகாலுக்கும் பூசுகிற எல்லாவற்றையும் ஒரு பையில் போடுங்கள். டொக்டர் எழுதித் தந்த ஒயின்மென்ட், அக்கா பாவித்து மிச்சம் வைத்த டியூப், லேபல் இல்லாத சின்ன டப்பா, எல்லாம் வரவேண்டும். அந்தப் பையை அப்படியே லேசர் செய்கிறவரிடம் காட்டுங்கள். “வேறென்ன பூசுறீங்க?” என்று வாயால் கேட்டால் பலருக்குப் பாதிதான் ஞாபகம் வரும்.

திருகோணமலையில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். கல்யாணம் நெருங்கிய பிள்ளைகளும், நாடியில் முடி வளருது என்று மெதுவாகச் சொல்கிற தங்கச்சிமாரும் இதைப்பற்றி அடிக்கடி கேட்பார்கள். சிலர் கொழும்புக்குப் போய்ச் செய்கிறார்கள். எங்கே செய்தாலும் கவனிக்கவேண்டியது ஒன்றுதான்.

முடியில் இருக்கிற மெலனின் என்ற கருநிறமி லேசர் ஒளியை உறிஞ்சிச் சூடாகிறது. அந்தச் சூட்டில் மயிர்க்கால் கருகுகிறது. நம்முடைய தோலிலும் அதே மெலனின் தாராளமாக இருப்பதால் சூட்டில் ஒரு பங்கு தோலுக்கும் போகிறது. அதனால்தான் மாநிறத்துக்கும் கறுப்புத் தோலுக்கும் 1064 நானோமீற்றர் என்டி யாக் லேசரைப் பாதுகாப்பானது என்கிறார்கள். என்ன மெஷின் என்று கேளுங்கள், கேட்பதில் வெட்கமில்லை. நல்ல மெஷினாக இருந்தாலும், கிறீமால் மெலிந்து எரிச்சலில் இருக்கிற தோல் எளிதில் சுட்டுப்போகும். கறுப்புத் தழும்பு மாதக்கணக்கில் நிற்கும்.

பருவுக்குப் பூசுகிற ட்ரெட்டினோயின், அடபலீன் இரண்டும் தோலின் மேற்படையை உரிய வைப்பவை. லேசர் படப்போகிற இடத்தில் இவற்றை ஒரு வாரம் முன்பே நிறுத்துவது வழக்கம். சில டொக்டர்மார் இரண்டு வாரம் என்பார்கள், அப்படியானால் இரண்டு வாரம்தான். கிளைக்கோலிக் அமிலம், சாலிசிலிக் அமிலம், பென்சோயில் பெரொக்சைட் ஆகியவற்றையும் அதோடு நிறுத்திவிடுங்கள். பரு திரும்பிவிடுமோ என்ற பயத்தில் முதல்நாள் இரவு மட்டும் பூசாமல் விடுவது போதாது. காலுக்கு லேசர் என்றால் முகத்து மருந்தை நிறுத்தத் தேவையில்லை. இன்னொன்று, சோதனைக்காகச் சின்ன இடத்தில் சுட்டுப் பார்ப்பார்கள் அல்லவா, அப்போதும் கிறீம் நிறுத்தியிருக்கவேண்டும், பிறகு முழுச் சிகிச்சைக்கும் நிறுத்தியிருக்கவேண்டும். ஒன்றுக்கு நிறுத்தி மற்றதுக்குப் பூசிக்கொண்டு போனால் அந்தச் சோதனையால் பயனில்லை.

எனக்குப் பெரிய கவலை வெள்ளையாக்கும் கிறீம்கள்தான். ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினோயின், ஸ்டீரொயிட் மூன்றும் ஒன்றாகக் கலந்தவை உண்டு. பாதரசம் கலந்தவைகூட உண்டு. பீட்டாமெதசோன், குளோபெட்டசோல் போன்ற ஸ்டீரொயிட்டை மாதக்கணக்கில் முகத்துக்குப் பூசினால் தோல் மெலியும், இரத்தக் குழாய்கள் தெரியும், முடியும் வளரும். ஆமாம், முடி வளரும். நாடி முடிக்கு லேசர் தேடுகிற பிள்ளை, அந்த முடியை வளர்க்கிற கிறீமையே காலை மாலை பூசிக்கொண்டிருப்பதை நான் கண்டிருக்கிறேன். அவளுக்கு முதலில் தேவை தோல் டொக்டர். அரச வைத்தியசாலைத் தோல் கிளினிக்கில் காசில்லாமல் காட்டலாம். பலநாள் பூசிய ஸ்டீரொயிட்டைத் திடீரென நிறுத்தினால் முகம் சிவந்து எரியும், ஆகவே எப்படிக் குறைப்பது என்று டொக்டர் சொல்லவேண்டும். தோல் பழைய நிலைக்கு வந்தபின் லேசரைப் பற்றி யோசிக்கலாம். கிறீம் எதுவும் பூசாமலே நாடியில் முடி வளர்ந்து, மாதவிடாயும் ஒழுங்கில்லை என்றால் ஹோர்மோன் பரிசோதனை முதலில்.

அடுத்தது மரத்துப்போகப் பூசும் கிறீம். லிடோகெயினும் பிரிலோகெயினும் கலந்தது. மேலுதடு அளவு இடத்துக்கு, சொன்ன அளவில், சொன்ன நேரத்துக்குப் பூசினால் சரி. இரண்டு காலுக்கும் அப்பி, பொலித்தீன் சுற்றி, வீட்டிலிருந்தே பஸ் ஏறுவது உயிராபத்து. மருந்து தோல் வழியாக இரத்தத்துக்குப் போகும். மூடினாலும் சூடானாலும் தோலில் கீறல் இருந்தாலும் இன்னும் கூடுதலாகப் போகும். அமெரிக்காவில் 22, 25 வயதுப் பெண்கள் இருவர் லேசருக்காக இதுபோன்ற மரத்துப்போகும் கிறீமைக் காலில் இப்படிப் பூசிச் சுற்றி, வலிப்பு வந்து, கோமாவில் விழுந்து இறந்துபோனார்கள். அந்த நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் 2007இல் இதைப்பற்றி எச்சரித்தது. அதனால், பெரிய இடத்துக்குப் பூசச் சொன்னால் மறுத்துவிடுங்கள். சின்ன இடத்துக்கும் கிளினிக்கில் வைத்தே பூசட்டும். தலைசுற்று, காதில் இரைச்சல், நாக்கு மரத்தல், உதடு நீலமாதல், படபடப்பு என்று எது வந்தாலும் உடனே துடைத்துவிட்டு 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசு இல்லை.

லேசருக்கு நான்கு வாரம் முன்பிருந்து வக்ஸ், நூல் போடுவது வேண்டாம், வேரோடு முடி போனால் லேசருக்குப் பிடிக்க எதுவும் இருக்காது. ஷேவ் செய்யலாம். அன்று காலை மஞ்சள், எண்ணெய், பவுடர், சன்ஸ்கிறீன் எல்லாம் கழுவிய தோலோடு போங்கள். மருதாணி போட்டிருந்தால் அது மங்கும்வரை அந்த இடத்தைத் தள்ளிப் போடுங்கள்.

வெயிலை நம் ஊரில் தனியாகச் சொல்லவேண்டும். நிலாவெளிக்குப் போய்ப் புறாத்தீவில் நீந்திக் கறுத்துவந்த அடுத்த வாரம் லேசர் கூடாது. மாரிகாலத்தில், வானம் மூடிக்கிடக்கிற நவம்பர், டிசம்பரில் தொடங்குவது என் விருப்பம். ஒருதடவையில் முடியாது, சில வாரங்கள் இடைவிட்டுப் பல தடவை போகவேண்டும். கல்யாணத்துக்கு என்றால் பல மாதம் முன்பே தொடங்குங்கள்.

முடிந்ததும் மயிர்க்காலைச் சுற்றிச் சிவப்பும் சின்ன வீக்கமும் ஓரிரு நாள் இருக்கும். குளிர்ந்த ஈரத்துணி வையுங்கள். கன்னியா வெந்நீரூற்றுக் குளியலைச் சில நாள் தள்ளிப் போடுங்கள், வெளியே போனால் எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிறீன் பூசுங்கள். கொப்புளம் வந்தாலோ, தோல் சாம்பல் நிறமானாலோ, வலி குறையாமல் கூடினாலோ அன்றே டொக்டரிடம் காட்டுங்கள். பற்பசை பூசவேண்டாம், வீட்டிலுள்ள பழைய ஸ்டீரொயிட் டியூபையும் எடுக்கவேண்டாம். டொக்டர் சில நாளுக்கு ஏதாவது எழுதித் தந்தால் அதை மட்டும் பூசுங்கள்.

பரு மருந்தைத் திரும்பத் தொடங்க ஏறக்குறைய ஒரு வாரம் பொறுங்கள். சிவப்பும் உரிதலும் முழுக்கப் போயிருக்கவேண்டும். முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள் இரவில் கொஞ்சமாகப் பூசி, எரியவில்லை என்றால் பழையபடி தொடரலாம். அடுத்த லேசர் நாளுக்கு ஒரு வாரம் முன்பு மறுபடி நிறுத்தவேண்டும் என்பதால், அந்தத் திகதியை இப்போதே கலண்டரில் குறித்து வையுங்கள்.