தொடக்ககாலத் தொலைக்காட்சி நகைச்சுவைக் கலைஞரின் வாழ்க்கையை எழுதுவது எப்படி?

தொலைக்காட்சியின் தொடக்க ஆண்டுகளில் புகழ்பெற்ற நகைச்சுவைக் கலைஞர் ஒருவரின் வாழ்க்கையை எழுத முற்படுவோர், பிறப்பு, இளமை, திருமணம் என்று எழுதத் தொடங்கும் முன், அவருடைய நிகழ்ச்சிகளில் எவை இன்று பார்க்கக் கிடைக்கின்றன என்று கணக்கெடுக்க வேண்டும். 1950-களின் அமெரிக்கத் தொலைக்காட்சியில் நகைச்சுவை நிகழ்ச்சிகள் பல நேரலையாகவே ஒளிபரப்பாயின. காணொளி நாடா 1956-இல்தான் பயன்பாட்டுக்கு வந்தது; அதுவரை, திரையில் ஓடும் காட்சியை இன்னொரு கேமராவால் படச்சுருளில் பிடிக்கும் கினஸ்கோப் முறையே பதிவுக்குக் கைகொடுத்தது. நாடா வந்த பின்பும், அதன் விலை அதிகம் என்பதால், பழைய பதிவை அழித்துவிட்டு அதன்மேலேயே புதியதைப் பதிவு செய்தார்கள்.

அக்கால அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவைக் கலைஞர் எர்னி கோவாக்ஸை எடுத்துக்கொள்வோம். 1962-இல் அவர் இறந்த பின், அவருடைய மனைவியும் பாடகியுமான ஈடி ஆடம்ஸ், பதிவுகள் அழிக்கப்படுவதை அறிந்து, கிடைத்த நாடாக்களையும் படச்சுருள்களையும் தம் பணத்தில் வாங்கிப் பாதுகாத்தார். கணவர் விட்டுச்சென்ற பெரும் வரிக் கடனைத் தாமே உழைத்து அடைத்த ஒருவர் இதையும் செய்தார் என்பது என்னை ஒவ்வொரு முறையும் நெகிழ வைக்கிறது. அந்தத் தொகுப்பு 2015-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தைச் சேர்ந்தது. எது அழிந்தது, எது தப்பியது, யாரால் தப்பியது என்பதை முதல் அத்தியாயத்திலேயே சொல்லிவிடுங்கள். கலைஞரைப் பற்றி நீங்கள் கூறும் எந்த மதிப்பீடும் அந்த எல்லைக்கு உட்பட்டதே.

அடுத்து, அவர் வேலை பார்த்த நிலையங்களை வரிசைப்படுத்துங்கள். 1919-இல் நியூ ஜெர்சியின் ட்ரென்டன் நகரில் பிறந்த கோவாக்ஸ், அங்கே வானொலியில் பேசினார், உள்ளூர் செய்தித்தாளில் பத்தி எழுதினார், பின்னர் பிலடெல்பியாவில் தொலைக்காட்சிக்கு வந்தார். 1950-இல் அங்கே தொடங்கிய அவருடைய நிகழ்ச்சி அதிகாலையில் ஒளிபரப்பானது. காலை நேரத்தில் யாரும் தொலைக்காட்சி பார்க்கமாட்டார்கள் என்று பலர் நம்பிய காலம் அது. செலவுக்குப் பணம் சொற்பம். அந்த நேரத்தைக் கட்டுப்படுத்துவோரும் குறைவு. அவருடைய துணிச்சலான சோதனைகளுக்கு இந்தச் சூழல் இடம் கொடுத்தது என்றே நான் கருதுகிறேன். ஆகவே ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒளிபரப்பு நேரம், நிகழ்ச்சியின் நீளம், விளம்பரதாரர் ஆகிய மூன்றையும் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த வேலையின் உயிர்நாடி, ஒரு நகைச்சுவைக் காட்சியை அது உருவான விதம் புரியும்வரை திரும்பத் திரும்பப் பார்ப்பதுதான். 1957 ஜனவரியில், நகைச்சுவை நடிகர் ஜெர்ரி லூயிஸுக்கு ஒதுக்கிய ஒன்றரை மணி நேரத்தில் அவர் ஒரு மணி நேரத்தையே எடுத்துக்கொண்டதால், எஞ்சிய அரை மணி நேரத்தை என்பிசி தொலைக்காட்சி நிறுவனம் கோவாக்ஸிடம் கொடுத்தது. அவர் அதை வசனமே இல்லாத நிகழ்ச்சியாக அமைத்தார். அதில் யூஜின் என்னும் அப்பாவி மனிதன் மேசையில் அமர்ந்து உணவுப் பெட்டியைத் திறக்கிறான்; வெளியே எடுத்து வைத்த ஆலிவ் காய்கள் சமதளம்போல் தோன்றும் மேசையில் தாமாக உருண்டோடுகின்றன, குடுவையிலிருந்து ஊற்றும் பால் நேராகக் கீழே விழாமல் சாய்வாகப் பாய்ந்து கோப்பையைத் தவறவிடுகிறது. அரங்கைச் சாய்வாகக் கட்டி, கேமராவையும் அதே கோணத்தில் சாய்த்ததால், பார்வையாளருக்குச் சாய்வு தெரியாமல் விளைவு மட்டும் தெரிந்தது. மேடைக்கு முன் அமர்ந்து நேரில் பார்ப்பவருக்கு இந்த நகைச்சுவை கிடைக்காது. கேமராவின் கண் வழியாகப் பார்ப்பவருக்கே கிடைக்கும். நாடக மேடையிலிருந்தும் வானொலியிலிருந்தும் வந்த சமகாலத்தவர் பலரிடமிருந்து அவர் வேறுபடும் இடம் இது. எனவே காட்சியை விவரிக்கும்போது கேமரா எங்கே இருந்தது, பார்வையாளரிடமிருந்து மறைக்கப்பட்டது எது என்பதையும் எழுதுங்கள். "விழுந்து விழுந்து சிரித்தார்கள்" என்ற வரியால் வாசகருக்கு எதுவும் விளங்காது.

சொந்த வாழ்க்கைக்கு அளவான இடம் போதும். சூதாட்டம், கடன், லாஸ் ஏஞ்சலஸில் 42 வயதில் நேர்ந்த கார் விபத்து ஆகியவற்றைச் சுருக்கமாகவும் கண்ணியமாகவும் சொல்லலாம். நண்பர்கள் பிற்காலத்தில் சொன்ன சுவையான கதைகளை, அந்தந்த நாளின் செய்தித்தாள் நிகழ்ச்சி நிரலோடு ஒப்பிட்ட பிறகே சேர்க்க வேண்டும்.

விளம்பரங்களைத் தாண்டிச் சென்றுவிடாதீர்கள். 1961-இல் ஏபிசி தொலைக்காட்சி நிறுவனத்துக்காக அவர் செய்த சிறப்பு நிகழ்ச்சிகளின் விளம்பரதாரரான டச் மாஸ்டர்ஸ் சுருட்டு நிறுவனத்துக்காக, பேச்சில்லாத விளம்பரங்களையும் அவரே உருவாக்கி நடித்தார். யூஜினை உருவாக்கிய அதே கை அவற்றிலும் தெரிகிறது. நிகழ்ச்சிப் பட்டியலில் அவற்றுக்கும் தனிப் பதிவு போடுங்கள்.