பார்க்கின்சன்தானா? மாத்திரையின் பலனை வீட்டில் குறித்துவைப்பது எப்படி

கை நடுங்கினால் பார்க்கின்சன் என்ற நரம்பு நோய்தான் என்று பக்கத்து வீட்டுக்காரரே சொல்லிவிடுவார். மருத்துவர் அவ்வளவு சீக்கிரம் சொல்லமாட்டார். இந்த நோயை அறுதியிட்டுச் சொல்லும் ரத்தப் பரிசோதனை எதுவும் வழக்கத்தில் இல்லை. ஸ்கேன் பெரும்பாலும் மற்ற நோய்களை விலக்கத்தான் உதவும். அதனால் நரம்பியல் மருத்துவர் கைகால்களைச் சோதித்துவிட்டு, லெவோடோபாவும் கார்பிடோபாவும் கலந்த மாத்திரையை எழுதிக் கொடுத்து, "சாப்பிட்டுவிட்டு வாருங்கள், பார்ப்போம்" என்பார். அது சிகிச்சை மட்டுமல்ல, சோதனையும்கூட. மூளையில் அசைவுகளுக்கு உதவும் டோபமின் என்ற வேதிப்பொருள் குறைந்ததால் வந்த மந்தம் என்றால், அங்கே போய் டோபமினாக மாறும் லெவோடோபா அதைத் தெளியவைக்க வேண்டும்.

இயக்கக் கோளாறுகளுக்கான சர்வதேச மருத்துவச் சங்கம் 2015-இல் வெளியிட்ட அளவுகோல்களில், மருந்தால் வரும் தெளிவான, பெரிய முன்னேற்றம் நோயை உறுதிப்படுத்த உதவும் சான்றுகளில் ஒன்று. மருத்துவர் அசைவுகளைச் சோதித்துப் போடும் மதிப்பெண்ணில் 30 சதவீதத்துக்கு மேல் மாற்றம் தெரியலாம்; அல்லது உடனிருப்பவர் நம்பும்படி விவரம் சொல்லலாம். ஆனால் நாம் போய் "பரவாயில்லை டாக்டர்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

முதலில், பழைய மருந்துகள்

வீட்டில் உள்ள மாத்திரை அட்டைகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். தலைசுற்றலுக்குத் தரும் சின்னாரிசின், புரோகுளோர்பெரசின், வயிற்று உப்புசத்துக்குத் தரும் லெவோசல்பிரைடு, வாந்திக்குத் தரும் மெட்டோகுளோபிரமைடு, மனநோய்க்கான சில மருந்துகள் ஆகியவை பார்க்கின்சனைப் போலவே விறைப்பையும் நடுக்கத்தையும் உண்டாக்கக்கூடியவை. மருத்துவர் அவற்றை நிறுத்தினாலே சிலருக்குச் சில மாதங்களில் எல்லாம் சரியாகிவிடும்.

நாட்டு மருந்தையும் மறைக்காதீர்கள். பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரியே இருக்கும் நெல்லைதான் நம் ஊர். சூரணமும் லேகியமும் சாப்பிடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் பூனைக்காலி விதையில் லெவோடோபா இயற்கையாகவே இருக்கிறது. அது ஏற்கெனவே உள்ளே போய்க்கொண்டிருந்தால் மாத்திரையின் கணக்கு குழம்பிவிடும்.

மாத்திரை தொடங்கும் முன்

இதுதான் பெரும்பாலானோர் தவறவிடும் படி. மாத்திரை தொடங்குவதற்கு முந்தைய நாளே செல்போனில் வீடியோ எடுங்கள். கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் அகலமாக விரித்து, வேகமாகப் பத்து முறை தட்டச் சொல்லுங்கள். இரு கைக்கும் தனித்தனியாக. கைகளை மார்பில் கட்டியபடி நாற்காலியிலிருந்து எழச் சொல்லுங்கள். நடந்து திரும்பச் சொல்லுங்கள். விழாமல் பிடிக்க ஓர் ஆள் பக்கத்திலேயே இருக்கட்டும். திரும்ப எத்தனை அடி வைக்கிறார் என்று எண்ணுங்கள். ஒரே வாக்கியத்தைத் தாளில் மூன்று வரி எழுதச் சொல்லுங்கள்.

கூடவே, அவர் அன்றாடம் செய்யும் ஒரு வேலை. முக்கூடல் பக்கத்தில் பீடி சுற்றும் ஆச்சி என்றால் அதையே படமெடுங்கள். இலையைச் சுருட்டும்வரை கை ஓடும். முனையை மடித்து உள்ளே தள்ளும் இடத்தில் விரல் தயங்கும். முதல் பீடியில் தாராளமாக விரிந்த விரல், பத்தாவது பீடிக்குள் சுருங்கிச் சோர்ந்துவிடும். திரும்பத் திரும்பச் செய்யும்போது அசைவு சிறுத்து வேகம் குறைவதைத்தான் மருத்துவரும் தேடுகிறார். நடுக்கத்தைவிட இதுவே முக்கியம்.

மாத்திரையும் சாப்பாடும்

அளவை மருத்துவர் சில வாரங்களில் சிறிது சிறிதாகக் கூட்டுவார். அடுத்த வீட்டுத் தாத்தாவின் மாத்திரையைக் கடன் வாங்கிச் சோதிக்க வேண்டாம். உணவுக்கு அரை மணி நேரம் முன்போ, ஒரு மணி நேரத்துக்குப் பின்போ விழுங்குவது நல்லது. புரதம் லெவோடோபாவோடு போட்டி போட்டு அதை உள்ளே விடாது. உளுந்தம்பருப்புச் சோற்றை ஒரு கட்டு கட்டிய கையோடு மாத்திரையைப் போட்டுவிட்டு, பலனில்லை என்று மருந்தைக் குறைசொல்லக் கூடாது. குமட்டல் வந்தால் மருத்துவரிடமே கேளுங்கள். கடையில் வாங்கும் வாந்தி மாத்திரை, மேலே சொன்ன மெட்டோகுளோபிரமைடாக இருந்துவிடலாம். எழுந்து நிற்கும்போது தலை கிறுகிறுத்தால் அதையும் எழுதுங்கள்.

பிறகு

மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்து, அதே சோதனைகளை அதே வரிசையில் மீண்டும் படமெடுங்கள். நோட்டில் தேதி, மாத்திரை நேரம், கை இலகுவான நேரம், மீண்டும் மந்தமான நேரம் ஆகிய நான்கும் போதும்.

முடிவை அவசரப்பட்டு எடுக்கக் கூடாது. ஒரே ஒரு வேளை மாத்திரையைக் கொடுத்து நோயைப் பிரித்தறிய வேண்டாம் என்று பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் (NICE) அமைப்பே சொல்கிறது. நடுக்கம் மட்டும் அடங்காமல் இருந்தால் பார்க்கின்சன் இல்லை என்று அர்த்தமில்லை. சிலருக்கு நடுக்கம் மருந்துக்குக் கட்டுப்படாது. நல்ல பலன் கிடைத்தாலும் அது நூற்றுக்கு நூறு உறுதியாகிவிடாது. பல மண்டலச் சிதைவு என்ற வேறொரு நோயிலும் தொடக்கத்தில் சிலருக்கு மருந்து கேட்கும். மாறாக, நோய் ஓரளவு முற்றியும், நாளுக்கு 600 மில்லிகிராமோ அதற்கு மேலோ லெவோடோபா கொடுத்தும் கண்ணுக்குத் தெரிந்த மாற்றமே இல்லையென்றால், மருத்துவர் பார்க்கின்சனைத் தள்ளிவிட்டு வேறு காரணம் தேடுவார். அடிக்கடி விழுவது, சிறுநீர்க் கட்டுப்பாடு இழப்பது போன்றவை இருந்தால் அப்போது தவறாமல் சொல்லுங்கள்.

பலன் தெரியவில்லை என்று நீங்களாக மாத்திரையைச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். கடும் காய்ச்சலும் விறைப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்குப் போனாலும் வண்ணார்பேட்டைப் பக்கம் தனியாரிடம் போனாலும், வீடியோக்களில் இரண்டை மட்டும் தேர்ந்தெடுத்து, 'முன்', 'பின்' என்று பெயரிட்டு, போனில் உடனே திறக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றை அவர் கேட்டால் காட்டலாம்.