அக்கிக்கு ட்ரிப்ஸ் ஏற்றும்போது பக்கத்தில் இருப்பவர் பார்க்க வேண்டியவை

காரைக்குடியில் ஒரு தனியார் நர்சிங் ஹோமில் 27 வருடம் நர்ஸாக இருந்துவிட்டு, இப்போது கோட்டையூரில் வீட்டோடு இருக்கிறேன். சுற்று வட்டாரத்தில் யாருக்காவது அக்கி கண்டால் முதுகைப் படம் எடுத்து எனக்கு அனுப்புவார்கள். "இதுக்கு ஊசி போடணுமா?" என்பதுதான் முதல் கேள்வி. பெரும்பாலும் வேண்டாம். வேண்டியிருந்தால் அது வீட்டில் போடுகிற ஊசி இல்லை. ஆஸ்பத்திரியில் ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டியது. அந்த ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்காருபவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். புதிதாக வேலைக்கு வந்த நர்ஸ் பிள்ளைகளுக்கும் உதவும்.

சின்ன வயதில் சின்னம்மை போட்ட கிருமி உடம்பை விட்டுப் போவதில்லை. முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் அடங்கிக் கிடக்கும். வயதாகி எதிர்ப்புச் சக்தி குறையும்போது ஒரு நரம்பு வழியாக வெளியே வரும். அதனால்தான் அக்கி ஒரு பக்கமாக மட்டும், பட்டை போட்டது போலக் காணும். உதட்டிலும் பிறப்புறுப்பிலும் கொப்புளம் போடும் ஹெர்பிஸ் கிருமி இதற்குப் பங்காளி. இரண்டுக்கும் மருந்து ஒன்றே: அசைக்ளோவிர். கிருமி புகுந்த செல்லுக்குள் போன பிறகுதான் இந்த மருந்து விழித்துக்கொள்ளும். கிருமியின் நொதியே அதைத் தட்டி எழுப்புகிறது. எழுந்ததும் கிருமி தன்னைப் படியெடுப்பதை நிறுத்திவிடும். இப்படிப்பட்ட மருந்துகளுக்கு வழிகாட்டிய ஆராய்ச்சிக்காக 1988-ல் நோபல் பரிசு பெற்றவர்களில் கெர்ட்ரூட் எலியான் என்ற பெண்மணியும் ஒருவர். அசைக்ளோவிர் பிறந்தது அவருடைய ஆய்வுக் குழுவில்தான்.

சாதாரண அக்கிக்கு மாத்திரை போதும். 800 மி.கி. அசைக்ளோவிர் தினம் 5 வேளை, 7 நாள். முதல் கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் பலன் அதிகம். இங்கே தாமதம் எதனால் என்று எனக்கு நன்றாகத் தெரியும். முதலில் வேளார் வீட்டுக்குப் போய்க் காவி குழைத்து அக்கி எழுதிக்கொள்வார்கள். என் அப்பத்தாவுக்கும் எழுதினார்கள், எரிச்சலுக்குக் குளுமையாக இருந்தது என்றுதான் அவர்களும் சொன்னார்கள். ஆனால் காவி தோலின் மேல் நிற்கும், கிருமி நரம்புக்குள் இருக்கும். உடைந்த கொப்புளத்தில் மண் பட்டால் சீழும் வைக்கலாம். எழுதித்தான் ஆக வேண்டும் என்று பெரியவர்கள் பிடிவாதம் பிடித்தால் மாத்திரையை முதலில் ஆரம்பித்துவிடுங்கள், கொப்புளம் உடையாத இடத்தில் எழுதட்டும்.

எப்போது ட்ரிப்ஸ்? புற்றுநோய் மருந்து, ஸ்டீராய்டு என்று எதிர்ப்புச் சக்தியை அடக்கும் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு அக்கி வந்தால். ஒரு பட்டையோடு நிற்காமல் உடம்பெல்லாம் கொப்புளம் பரவினால். காய்ச்சலோடு பேச்சுக் குழறி, ஆள் தடுமாறி, வலிப்பும் வந்தால் ஹெர்பிஸ் மூளைக்குப் போயிருக்கலாம். அதற்குப் பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருக்காமலே மருந்தைத் தொடங்குவார்கள், 14 முதல் 21 நாள் வரை ஏற்றுவார்கள். பிறந்த குழந்தைக்கு ஹெர்பிஸ் வந்தாலும் ட்ரிப்ஸ்தான். மூக்கு நுனியில் கொப்புளம் கண்டால் கண்ணுக்கு ஆபத்து, அன்றைக்கே கண் டாக்டரைப் பாருங்கள்.

கானாடுகாத்தான் பக்கத்திலிருந்து வந்த ஓர் ஆச்சியைச் சொல்கிறேன். 72 வயது. மூட்டுவாதத்துக்கு ஸ்டீராய்டு சாப்பிடுபவர்கள். மூன்றாம் நாள் வந்தபோது முதுகுப் பட்டையைத் தாண்டி வயிறு, தொடை எல்லாம் கொப்புளம். தனி அறையில் படுக்க வைத்தோம். அம்மை வராதவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள் அந்தப் பக்கமே வரக் கூடாது. எங்களில் அம்மை வராத ஒரு நர்ஸைக்கூட மாற்றிவிட்டோம்.

"எடை எவ்வளவு ஆச்சி?" என்று கேட்டேன். "அறுபது இருப்பேன் ஆத்தா" என்றார்கள். மெஷினில் ஏற்றினால் 46. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனையான கிரியேட்டினின் 1.4. பார்க்கக் கொஞ்சம்தான் கூடுதல் போலத் தெரியும். ஆனால் ஒல்லியான வயதானவர்களுக்கு அந்த எண் ஏமாற்றும். வயது, எடை எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டதில் சிறுநீரகம் நிமிடத்துக்கு 26 மி.லி. அளவுக்குத்தான் வேலை செய்தது. இவ்வளவு பரவிய அக்கிக்கு ஒரு கிலோவுக்கு 10 மி.கி. வீதம் 8 மணி நேரத்துக்கு ஒரு தடவை என்பது வழக்கமான அளவு. சிறுநீரகக் கணக்கு 25-லிருந்து 50-க்குள் இருந்தால் 12 மணி நேரத்துக்கு ஒரு தடவைதான். ஆக ஆச்சிக்கு 460 மி.கி., தினம் இரண்டு வேளை, மொத்தம் 920. வாய் வார்த்தையாகச் சொன்ன அறுபதை நம்பி மூன்று வேளை ஏற்றியிருந்தால் 1800 ஆகியிருக்கும். அதனால் எடை போடாமல், கிரியேட்டினின் பார்க்காமல் ஏற்ற வந்தால் தயங்காமல் கேளுங்கள். டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கலப்பது இப்படி. 500 மி.கி. பொடி உள்ள மருந்துக் குப்பியில் 10 மி.லி. ஸ்டெரைல் வாட்டர் விட்டால் 1 மி.லி.யில் 50 மி.கி. கிடைக்கும். ஆச்சிக்கு அதில் 9.2 மி.லி. எடுத்து 100 மி.லி. நார்மல் சலைனில் சேர்த்தோம். 1 மி.லி.க்கு 7 மி.கி.க்கு மேல் கெட்டியாக இருக்கக் கூடாது. கலங்கினாலோ துகள் தெரிந்தாலோ கொட்டிவிட வேண்டும். மிச்சத்தை ஃப்ரிட்ஜில் வைப்பதும் தப்பு, குளிரில் படிகம் கட்டும். அதே லைனில் வேறு மருந்தைச் சேர்க்காதீர்கள். முன்னும் பின்னும் சலைன் விட்டுக் கழுவுங்கள்.

20 சொட்டு ஒரு மி.லி. ஆகும் ட்ரிப்ஸ் குழாய் என்றால், ஒரு மணி நேரத்தில் முடிய நிமிடத்துக்கு 36 சொட்டு. வாட்சைப் பார்த்து எண்ணுங்கள். நோயாளி கையை மடக்கினால் சொட்டு நின்றுபோகும். கால் மணி நேரம் கழித்து அதைப் பார்த்த மகனோ மருமகளோ, போன நேரத்தைப் பிடிக்க, சொட்டின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் உருளையை முழுக்கத் திறந்துவிடுவார்கள். அதுதான் பெரிய ஆபத்து. வேகமாகப் போனால் மருந்து சிறுநீரகக் குழாய்களில் படிகமாக உறைந்து அடைத்துக்கொள்ளும். நேரம் போனால் போகட்டும், உருளையைத் தொடாமல் நர்ஸைக் கூப்பிடுங்கள்.

அடுத்தது கை. இந்த மருந்துக் கரைசல் சோப்புத் தண்ணீரை விடக் காரமானது. நான் புதிதாக வேலைக்குச் சேர்ந்த இடத்தில் வென்ஃப்ளான் (கையில் குத்தி வைக்கும் ட்ரிப்ஸ் ஊசி) ரத்தக்குழாயை விட்டு நழுவியதை யாரும் கவனிக்கவில்லை. மருந்து தசைக்குள் இறங்கி ஒரு பெரியவரின் புறங்கை கறுத்துத் தோல் உரிந்துவிட்டது. ஆற இரண்டு மாதம் ஆனது. அந்தக் கை இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. எரிகிறது, கடுக்கிறது என்று நோயாளி சொன்னால் உடனே நிறுத்தி ஊசியை வேறு இடத்தில் மாற்றச் சொல்லுங்கள். பெரியவர்கள் பொறுத்துக்கொள்வார்கள், அதனால் நீங்களே 10 நிமிடத்துக்கு ஒரு தடவை கையைத் தொட்டுப் பாருங்கள்.

தண்ணீர் விஷயத்தை நான் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். நம் பக்கத்துப் பெரிய வீடுகளில் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு எல்லாம் தாண்டிப் பின்கட்டில் கக்கூஸ் இருக்கும். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, அத்தனை பெரிய வீட்டில் ஆச்சி ஒருத்தர். ராத்திரி இருட்டில் அவ்வளவு தூரம் நடக்கப் பயந்து, சாயங்காலத்துக்கு மேல் தண்ணீரே குடிக்க மாட்டார்கள். அந்தப் பழக்கத்தோடேயே ஆஸ்பத்திரிக்கும் வருவார்கள். உடம்பு வறண்டிருந்தால் இந்த மருந்து சிறுநீரகத்தை எளிதில் கெடுக்கும். அதனால் படுக்கைக்குப் பக்கத்திலேயே பெட்பேன் வைத்து, குடித்ததையும் சிறுநீர் போனதையும் ஒரு நோட்டில் எழுதினோம். இதய நோய் இருப்பவர்களுக்கு எவ்வளவு தண்ணீர் என்று டாக்டர் சொல்வார். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு அவரைக் கேட்காமல் இளநீர் வாங்கித் தராதீர்கள். வலி தாங்கவில்லை என்று மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபினாக் வாங்கிக் கொடுப்பதும் சிறுநீரகத்துக்கு இன்னொரு அடி.

சிறுநீர் குறைந்தாலோ இடுப்புக்கு மேல் வலித்தாலோ உடனே சொல்லுங்கள். நான்காம் நாள் ஆச்சிக்குக் கை நடுங்கியது. வளவில் யாரோ நிற்கிறார்கள் என்றார்கள், அவர்கள் படுத்திருந்ததோ ஆஸ்பத்திரி அறையில். வயதானால் அப்படித்தான் என்றார் மகன். டியூட்டி டாக்டரை எழுப்பினேன். கிரியேட்டினின் இன்னும் ஏறியிருந்தது. உடம்பில் மருந்து தேங்கினால் மூளை குழம்பும். அளவைக் குறைத்து, சலைன் ஏற்றி, இரண்டு நாளில் தெளிந்துவிட்டார்கள்.

புதுக் கொப்புளம் வராமல், இருப்பது காய்ந்து பொருக்குத் தட்ட ஆரம்பித்ததும் மாத்திரைக்கு மாற்றி அனுப்பினோம். வீட்டுக்குப் போன பிறகு ஒரு வாரம் கழித்து கிரியேட்டினின் பார்க்கச் சொன்னோம். பொருக்கு உதிர்ந்த பிறகும் மாதக்கணக்கில் எரியலாம். அது நரம்பு வலி. அதற்குத் தனி மாத்திரை உண்டு, பொறுத்துக்கொண்டு இருக்க வேண்டாம். 50 வயது தாண்டியவர்களுக்கு அக்கித் தடுப்பூசி 2023 முதல் நம் நாட்டிலும் கிடைக்கிறது. 2 தவணை, இடையில் 2 முதல் 6 மாதம். விலை கூடுதல்தான். ஒருமுறை அக்கி வந்தவர்களும் புண் ஆறிய பிறகு போட்டுக்கொள்ளலாம். ஆச்சியின் மகன் சிங்கப்பூர் திரும்பும் முன் தானும் போட்டுக்கொண்டு, பின்கட்டுக்குப் போகும் வழி முழுக்க விளக்குப் போட்டுவிட்டுப் போனார்.