சண்டைப் படங்களில் நற்செய்தியைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாலிபர் கூட்டம் நடத்தப் புதிதாகப் பொறுப்பேற்ற நால்வரின் ஆயத்தத்தைப் பார்ப்பதற்காகச் சென்ற மாதம் அவர்களோடு உட்கார்ந்திருந்தேன். அவர்களில் ஒருவர் லேப்டாப்பில் ஒரு சண்டைப் படத்தை ஓட்டிக்கொண்டே வந்து, நாயகன் இரு கைகளையும் விரித்தபடி விழும் இடத்தில் நிறுத்தி, "இதோ, சிலுவை" என்றார். மற்ற மூவரும் தலையசைத்தார்கள். பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பு நானும் இதே போன்ற இடத்தில்தான் படத்தை நிறுத்தினேன். அன்றும் எல்லாரும் தலையசைத்தார்கள். அந்தத் தலையசைப்பை நம்பியதால் வந்த இழப்பை நான் அறிவேன் என்பதால் இதை எழுதுகிறேன்.

சிறுவர் இருக்கும் கூட்டத்தில் கொடூரக் காட்சியை ஓட்டுவது, படத்தை இரண்டரை மணி நேரம் காட்டிவிட்டு வேதத்துக்குப் பத்து நிமிடம் ஒதுக்குவது போன்றவை எவருக்கும் தெரிந்த தவறுகள். நல்ல மனத்தோடும் உழைப்போடும் நாம் செய்கிற தவறுகளைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

கையை விரித்தவர் எல்லாம் கிறிஸ்து அல்லர்

2013ஆம் ஆண்டு வெளிவந்த சூப்பர்மேன் படமான 'மேன் ஆஃப் ஸ்டீல்' இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. நாயகனுக்கு வயது 33. அவன் ஆலயத்தில் உட்கார்ந்து போதகரிடம் பேசும்போது, பின்னாலுள்ள வண்ணக் கண்ணாடியில், இயேசு பிடிபடுவதற்கு முன் கெத்செமனேயில் ஜெபித்த காட்சி தெரிகிறது. விண்வெளியில் அவன் கைகளை விரித்து மிதக்கிறான். இவை தற்செயலாக அமைந்தவை அல்ல. அந்தப் படம் வந்தபோது போதகர்களுக்கென்றே பிரசங்கக் குறிப்புகள் ஆயத்தம் செய்து வழங்கப்பட்டன. நாம் தேடிக் கண்டுபிடித்ததாக எண்ணும் அடையாளம், நாம் கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்காகவே அங்கே வைக்கப்பட்டிருந்தது. அதே நாயகன் இறுதியில் எதிரியின் கழுத்தை முறித்துத்தான் வெல்கிறான். கைகளை விரித்த காட்சியைக் காட்டிவிட்டுக் கழுத்தை முறித்த காட்சியைப் பற்றிப் பேசாமல் விடுபவர், கேட்பவர்களுக்குப் பாதிச் செய்தியையே கொடுக்கிறார்.

பெயர்களைப் பொறுக்கிச் சேர்த்தல்

1999ஆம் ஆண்டின் 'மேட்ரிக்ஸ்' படத்தை எடுத்துக்கொண்டால் ஒரு மணி நேரச் செய்திக்குப் பஞ்சமே இல்லை. பெண் பாத்திரத்தின் பெயருக்குத் திரித்துவம் என்று பொருள். கடைசி மனிதர்கள் வாழும் நகரம் சீயோன். கப்பலின் பெயர் நேபுகாத்நேச்சார். அதன் பெயர்ப்பலகையில் மாற்கு 3:11ஐ நினைவூட்டும் எழுத்தும் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. இவற்றையெல்லாம் பட்டியலிட்ட பிறகு, அந்தப் படம் உலகத்தைப் பற்றி என்ன சொல்கிறது என்று நின்று கேட்பவர்கள் குறைவு. கண்ணால் காணும் உலகம் ஓர் ஏமாற்று, அறிவு பெற்றவன் அதிலிருந்து தப்பிக்கிறான் என்பதே அதன் அடிப்படை. இரகசிய அறிவே மீட்பு என்று சொன்ன, ஆதிச் சபை எதிர்த்து நின்ற ஞானவாதத்துக்கு அது மிக அருகில் நிற்கிறது. தேவன் தாம் உண்டாக்கிய எல்லாவற்றையும் பார்த்து மிகவும் நன்றாயிருந்தது என்று கண்டதாகச் சொல்லும் ஆதியாகமத்துக்கும் இதற்கும் உள்ள தூரத்தைச் சொல்லாமல், சீயோன் என்ற பெயரை மட்டும் சொல்லி மகிழ்வதால் வாலிபர்களுக்கு ஒரு பயனும் இல்லை.

இடைவேளைக்கு முன்பே படத்தை நிறுத்துதல்

இன்றுவரை என்னை உறுத்திக்கொண்டிருக்கும் தவறு இது. இதைச் செய்தவன் நான்.

1995ஆம் ஆண்டின் 'பாட்ஷா' படம் தமிழ் வாலிபர் எவருக்கும் மனப்பாடம். ஆட்டோ ஓட்டும் மாணிக்கம், தன் தம்பிக்கு விழவேண்டிய அடியைத் தானே ஏற்று, கம்பத்தில் கட்டப்பட்டு அடி வாங்கும் காட்சியை நான் ஒரு முகாமில் காட்டினேன். அவனிடம் வெளியே தெரியாத பெரும் வல்லமை இருக்கிறது. தந்தைக்குக் கொடுத்த வாக்குக்காக அதை அடக்கிவைத்திருக்கிறான். பிறருக்குப் பதிலாக, வாய் திறவாமல் அடிபடுகிறான். ஏசாயா 53:7ஐத் திறந்து, "ஆனாலும் தம்முடைய வாயை அவர் திறக்கவில்லை" என்று வாசித்தபோது அரங்கில் சிலர் கண்ணீர் விட்டார்கள். பன்னிரண்டு லேகியோனுக்கு, அதாவது பன்னிரண்டு பெரும் படைப்பிரிவுகளுக்கு, அதிகமான தூதரை அழைக்க வல்லவராயிருந்தும் அழைக்காத இயேசுவைப் பற்றியும் பேசினேன். இதைவிடப் பொருத்தமான காட்சி கிடைக்காது என்று அன்று முழு மனத்தோடு நம்பினேன்.

நான் முடித்த பிறகு, பின்வரிசையிலிருந்த பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் கேட்டான்: "அண்ணே, அப்போ இயேசுவும் இடைவேளைக்கு அப்புறம் வந்து திருப்பிக் குடுப்பாருல்லா?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, நேரமாகிவிட்டது என்று ஜெபம் செய்து முடித்தேன்.

மூன்று வாரம் கழித்து, வாய்க்கால் தகராறில் அந்தப் பையன் தன் பெரியப்பா மகனை மண்வெட்டிக் காம்பால் அடித்து, மணிக்கட்டு எலும்பை முறித்துவிட்டான். மருத்துவமனை வராந்தாவில் என்னைப் பார்த்ததும் அவன் சொன்னது ஒன்றுதான்: "நானும் ரொம்ப நாளு பொறுத்துத்தாம்ணே பாத்தேன்." அவன் என்னை எதிர்த்துப் பேசவில்லை, நான் காட்டிய பாடத்தைத்தான் திருப்பிச் சொன்னான். அந்தக் காட்சியை அவன் என்னைவிடச் சரியாகப் புரிந்துகொண்டிருந்தான்.

மாணிக்கம் அடி வாங்குவதைப் பார்க்கும் எவரும் அதோடு திருப்தி அடைவதில்லை. ஒவ்வோர் அடியும் பின்னால் வரப்போகும் திருப்பி அடித்தலுக்காக நம் மனத்தில் போடப்படும் முதலீடு. அதனால்தான், தங்கைக்கு ஆபத்து வந்து அவன் கை ஓங்கும் கணத்தில் திரையரங்கே எழுந்து நிற்கிறது. அங்கே பொறுமைக்குத் தனி மதிப்பு இல்லை. அது பழிவாங்குதலின் முன்பகுதி. வன்முறையே உலகத்தைக் காப்பாற்றுகிறது என்னும் இந்தக் கதையமைப்பை அமெரிக்க இறையியலாளர் வால்டர் விங்க், மீட்பளிக்கும் வன்முறையின் கட்டுக்கதை என்று அழைத்தார். மொழியும் நாடும் மாறினாலும் பெரும்பாலான சண்டைப் படங்கள் இந்த அச்சில் வார்க்கப்பட்டவையே.

சுவிசேஷத்திலும் இடைவேளைக்குப் பின் ஒரு பகுதி உண்டு. அதைத்தான் நான் அன்று சொல்லத் தவறினேன். கல்லறையிலிருந்து எழுந்தவர் பிலாத்துவின் அரண்மனைக்குப் போகவில்லை. பிரதான ஆசாரியன் காய்பாவின் வீட்டு வாசலிலும் நிற்கவில்லை. தம்மை விட்டு ஓடிப்போய்க் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தவர்கள் நடுவே வந்து, "உங்களுக்குச் சமாதானம்" என்றார். கரிநெருப்பருகே குளிர்காய்ந்தபடி தம்மை மறுதலித்த பேதுருவுக்காக, கடற்கரையில் வேறொரு கரிநெருப்பு மூட்டி மீன் சுட்டுவைத்திருந்தார். எந்தச் சண்டைப் பட இயக்குநரும் தம் நாயகனுக்கு இப்படி ஓர் இரண்டாம் பாதியை எழுதத் துணியமாட்டார்.

அந்தப் பையனின் கேள்வியில் நியாயமும் இருந்தது. நியாயத்தீர்ப்பு உண்டு என்றுதான் வேதம் சொல்கிறது. ஆனால் "பழிவாங்குதல் எனக்குரியது, நானே பதில்செய்வேன்" என்று கர்த்தர் சொல்வது, அந்த வேலையை நம் கையிலிருந்து எடுத்துக்கொள்வதற்காக. 1 பேதுரு 2:23இல், இயேசு நியாயமாய்த் தீர்ப்புச் செய்கிறவருக்குத் தம்மை ஒப்புவித்தார் என்று வாசிக்கிறோம். பொறுமைக்குக் கால எல்லை குறித்துக்கொண்டு காத்திருந்தார் என்று அங்கே இல்லை. இந்த ஒரு வசனத்தை அன்று வாசித்திருந்தால் அந்தப் பையன் என்ன செய்திருப்பான் என்று எனக்குத் தெரியாது. ஆனால் பதில் சொல்லாமல் சிரித்தது என் குற்றம்.

ஆகையால் இப்போது நான் 'பாட்ஷா'வைக் காட்டினால் இரண்டு காட்சிகளையும் காட்டுகிறேன்: கம்பத்தில் அடி வாங்குவதையும், பிறகு அவன் திருப்பி அடிப்பதையும். இரண்டாவது காட்சியில் அவர்கள் விசில் அடித்தால் தடுப்பதில்லை. விசில் அடங்கியதும், அந்தக் கடற்கரைக் கரிநெருப்பைச் சொல்லும் யோவான் 21ஐத் திறந்து, நம் மனம் எந்த முடிவை விரும்பியது, ஆண்டவர் எந்த முடிவைக் கொடுத்தார் என்று கேட்கிறேன்.

திரையில் கேட்ட வசனத்தை வேதவசனமாக எடுத்தல்

1994ஆம் ஆண்டின் 'பல்ப் ஃபிக்ஷன்' படத்தில் கூலிக்கொலைஞன் எசேக்கியேல் 25:17 என்று சொல்லி நீளமாக முழங்குவதில் பெரும்பகுதி வேதத்தில் இல்லை. வேதத்தைத் திறந்து பாருங்கள்.

உண்மைக் கதை என்றதும் சரிபார்க்காமல் விடுதல்

துப்பாக்கி ஏந்த மறுத்த படை மருத்துவ உதவியாளர் டெஸ்மண்ட் டாஸ், 1945 மே மாதம் ஓகினாவாத் தீவின் செங்குத்துப் பாறையிலிருந்து காயம்பட்டவர்களை ஒவ்வொருவராகக் கயிற்றில் இறக்கிக் காப்பாற்றிய வரலாறு, 2016இல் 'ஹாக்ஸா ரிட்ஜ்' என்ற படமாக வந்தது. நான் தயங்காமல் பரிந்துரைக்கும் சண்டைப் படங்களில் அது ஒன்று. ஆயினும் படம் எல்லாவற்றையும் சொல்லவில்லை. அவர் அதற்கு முன்பே குவாம், லெய்ட்டி தீவுப் போர்களில் பணியாற்றியவர்; படத்திலோ ஓகினாவாவே அவருடைய முதல் போர்க்களம் போலத் தோன்றுகிறது. காப்பாற்றப்பட்டவர்கள் 75 பேர் என்பதற்குப் பின்னாலும் ஒரு செய்தி உண்டு: உடனிருந்தவர்கள் நூறு பேர் என்றார்கள், ஐம்பதுக்கு மேல் இருக்காது என்றார் டாஸ், இரண்டுக்கும் நடுவே 75 என்று பதிவானது. தன் நற்செயலைக் குறைத்துச் சொன்ன அந்த மனத்தாழ்மையைப் பற்றியே ஒரு முழு வேதபாடம் நடத்தலாம்.

படம் முடிந்த உடனே பேசத் தொடங்குதல்

விளக்கைப் போட்டுவிட்டு ஐந்து நிமிடம் அமைதியாக இருங்கள். முதல் கேள்வி அவர்களிடமிருந்து வரட்டும். அவர்கள் சிரித்தாலும் நீங்கள் சிரிக்காதீர்கள், கூட்டத்தை ஜெபத்தோடு முடிக்க அவசரப்படாதீர்கள். பின்வரிசைப் பையன் அன்று கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்ல உட்கார்ந்தது மருத்துவமனை வராந்தாவில்.